கதவு வைத்த பெட்டி

எனக்கு வேண்டியிருந்தது ஒரு கதவு. அவ்வளவுதான். சம்பள உயர்வு கேட்கவில்லை, லீவு கேட்கவில்லை. சாத்தினால் சாத்தினபடி இருக்கும் ஒரு கதவு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அபுதாபி முசஃபாவில் எங்கள் கம்பெனி கேம்பில் ஒரு ரூமுக்குப் பன்னிரண்டு பேர், ஆறு இரட்டைக் கட்டில். அந்த ரூமுக்கும் கதவு என்று ஒன்று இருந்தது. அது சாத்தி நான் பார்த்ததில்லை. நைட் டூட்டிக்காரன் உள்ளே வருவான், டே டூட்டிக்காரன் வெளியே போவான், மெஸ் முறைக்காரன் வெங்காயக் கூடையோடு நுழைவான். கக்கூஸில் மட்டும் தாழ்ப்பாள் வேலை செய்தது. அதிலும் ஐந்து நிமிஷம் தாண்டினால் எவனாவது தட்டி, "என்ன, உள்ளயே குடித்தனமா?" என்பான்.

மூன்று வருஷம் இப்படி இருந்தேன். மனைவியோடு போனில் ரகசியமாகப் பேசிவிட்டு வைத்தால், மேல்கட்டிலில் இருப்பவன் தலையைத் தொங்கப்போட்டு, "மாமனாருக்கு மூட்டுவலி இப்ப பரவாயில்லையா?" என்று கேட்பான். அக்கறையாகத்தான் கேட்பான். அந்த அக்கறையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாவற்றையும்விட நான் வெறுத்தது அந்த ரூமின் ஒரு வழக்கத்தை. எவனுக்காவது ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால், உடனே அடுப்பை அணைப்பார்கள். ஒருவன் பாஸ்போர்ட்டுக்கு ஆபீஸுக்கு ஓடுவான். இரண்டு பேர் அந்த ஆளின் கட்டிலில் ஏறி, இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள். பேச மாட்டார்கள், நகரவும் மாட்டார்கள். அவன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்வரை அந்த இரண்டு இடமும் காலியாகாது. ஆள் மாறி ஆள் உட்காருவார்கள். என் கீழ்க்கட்டில்காரருக்கு அண்ணன் தவறியபோது அந்த மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். படுக்க இடமில்லை. அழக்கூட ஒருவனைத் தனியாக விடமாட்டார்களா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. என் அப்பா அதற்கு முந்தின மாதம்தான் நெஞ்சுவலி வந்து கரூர் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பியிருந்தார். எனக்கு அப்படி ஒரு போன் வந்தால் ஒரு பயல் என் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தில் லிவாவுக்குத் தெற்கே பாலைவனத்தில் ஒரு பைப்லைனுக்கு சர்வே வேலை வந்தது. ஐந்து மாதம் அங்கேயே தங்க வேண்டும். எங்கள் குழுவில் நாலு பேர். சர்வேயரும் இன்சார்ஜும் நான். ஒரு டிரைவர். பெரம்பலூர்க்காரர்கள் இரண்டு பேர் ஹெல்பர்கள், ஒருவருக்கொருவர் மச்சான் முறை. ஒருவர் பெரிய மீசை வைத்திருந்தார், மற்றவர் வாயே திறக்க மாட்டார். அதே வேலைக்கு இன்னொரு பக்கத்திலிருந்து ஐந்து பட்டாணியர்கள் கொண்ட குழுவும் போக இருந்தது. மேனேஜர் சிரியாக்காரர். என்னைக் கூப்பிட்டு, சைட்டில் தங்குவதற்கு யார்டில் இரண்டு வண்டி நிற்கிறது, உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள், மிச்சம் அவர்களுக்கு, வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போடு, கலாஸ், அவ்வளவுதான் என்றார்.

போய்ப் பார்த்தோம். ஒன்று கேரவன். நாலு பக்கமும் கெட்டியான சுவர், தகரக்கூரை, ஜன்னலில் ஏசி. ஏதோ ஒரு அரபி பருந்து வேட்டைக்குப் போக வைத்திருந்ததாம், மூலையில் பருந்தின் எச்சம் சுண்ணாம்பாக இறுகிக் கிடந்தது. முன்பக்கம் மூன்று கட்டில், ஒரு அடுப்பு. பின்பக்கம் ஒரு தடுப்பு, அதற்குள் ஒரே ஒரு கட்டில். அந்தத் தடுப்புக்கு வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு கதவு, உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள். நான் உள்ளே போய்ச் சாத்திப் பார்த்தேன். வெளியே அவர்கள் பேசுவது தூரத்தில் கேட்பதுபோல் ஆனது. அப்படியே ஒரு நிமிஷம் நின்றேன். எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

இன்னொன்று டென்ட் டிரெய்லர். மடித்து வைத்தால் இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டைப் பெட்டி. மூடியைத் தூக்கினால் இரண்டு பக்கமும் படுக்கை நீளும், நடுவில் கம்பி நிமிரும், மேலே கித்தான் துணி கூடாரமாக நிற்கும். ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம். ஏசி கிடையாது, கொசுவலை ஜன்னல்தான். ஜிப் ஒன்று பாதியில் மாட்டிக்கொண்டது. டிரைவர் அதற்கு அங்கேயே குடை என்று பெயர் வைத்தார். கேரவனுக்குப் பெட்டி.

அந்த டிரைவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரர், நாற்பத்தைந்து வயது, மணலில் வண்டி ஓட்டிப் பதினாறு வருஷம். கழுத்தில் ஒரு சிலுவை, காதில் எப்போதும் ஒரு பென்சில். எதற்கும் அவசரப்பட மாட்டார், எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். அதுவே எனக்கு எரிச்சல். எனக்கு இருபத்தெட்டு வயது, டிப்ளமா வேறு. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார், குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"தம்பி, இது தார் ரோட்டுக்குச் செஞ்சது. மணல்ல எறக்குனா ஒக்காந்துக்கிடும். குடை எட கம்மி. சைட்டுக்குள்ளயே இழுத்துட்டுப் போயி விரிச்சிரலாம். எந்திரிச்சா வேலை, முடிச்சா படுக்கை."

"இப்ப செப்டம்பருங்கண்ணே. துணிக்குள்ள வெந்து போயிருவோம்."

"ஒரு மாசம் வேவும். அதுக்குப் பொறவு குளிரு வந்துரும். நாலு மாசம் நல்லா இருக்கும்லா."

"காத்து அடிச்சா? மணல் உள்ள வந்தா மெஷினை எங்கீங்க வெக்கறது?"

மெஷின் என்றால் நில அளவைக் கருவி. கேமராபோல முக்காலியில் நிற்கும், மணல் புகுந்தால் தொலைந்தது. என் கையிலிருந்த ஒரே நியாயம் அதுதான். அதையே மேனேஜரிடமும் சொல்லப் போகிறேன் என்று டிரைவருக்குத் தெரிந்துவிட்டது.

"மெஷினுக்கு ஒரு இரும்புப் பொட்டி செஞ்சிரலாம்" என்றார். பிறகு என்னையும் அந்தத் தடுப்புக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "உமக்கு மெஷின் கவலை இல்ல, தம்பி."

சுருக்கென்று இருந்தது. கண்டுபிடித்துவிட்டாரே என்ற கோபம். பெரம்பலூர் மீசைக்காரர் சமாதானமாக, "நமக்கு எதுன்னாலும் சரிதான் சார்" என்றார். அவருக்கு எது என்றாலும் சரியில்லை, குடையையே அவர் கண் பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். ஆபீஸுக்குப் போய்க் கேரவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் கருவியின் பாதுகாப்பு என்று எழுதினேன். குடை பட்டாணியர்களுக்குப் போனது. அன்று முதல் டிரைவர் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். சர்வேயர் சார் ஆனேன்.

ஜல்லிப் பாதை முடிகிற இடம்வரை பெட்டி சாதுவாக வந்தது. மணலில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் போயிருக்காது, அச்சுவரை புதைந்தது. டிரைவர் டயரில் காற்றைக் குறைத்தார், பலகை போட்டார், நாலு பேரும் மண்வெட்டியால் வெட்டினோம். நாற்பது டிகிரிக்கு மேல் வெயில். வெட்ட வெட்ட மணல் சரிந்தது. நாலு மணி நேரம் கழித்துப் பாதை போடும் கிரேடர்காரன் ஒருவன் வந்து, பின்னாலேயே இழுத்துக்கொண்டுபோய் ஜல்லிப் பாதையின் முடிவில் விட்டான். பெட்டி அங்கேயே நின்றது. ஐந்து மாதமும் அங்கேதான் நின்றது. நான் அப்பவே சொன்னேன் என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. மண்வெட்டியைக் கழுவித் துடைத்து வண்டியில் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அங்கிருந்து வேலை நடக்கும் இடம் மணலில் ஒன்றரை மணி நேரம். ஐந்து மணிக்கு எழ வேண்டியவர்கள் மூன்றரைக்கு எழுந்தோம். சாயங்காலமும் அதே ஒன்றரை மணி நேரம் குலுங்கிக்கொண்டு திரும்பினோம். ஹெல்பர்கள் இருவரும் வண்டியிலேயே ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள், மேடு வந்தால் தலை கூரையில் இடிக்கும். பட்டாணியர்கள் சைட்டுக்குள்ளேயே குடையை விரித்து, நாங்கள் போய்ச் சேரும்போது பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது வாரம் அவர்களுடைய ஃபோர்மேன் என்னிடம் வந்தார். அவர்களுடைய வேலை இப்போது ஜல்லிப் பாதைக்குப் பக்கமாக நகர்கிறது, எங்களுடையது உள்ளே போகிறது, மாற்றிக்கொள்ளலாமா பாய் என்று ஹிந்தியில் கேட்டார். பெட்டியை அது நிற்கிற இடத்திலேயே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், குடையை நாங்கள் இழுத்துப் போகலாம். மேனேஜருக்கும் ஆட்சேபம் இல்லையாம். என் பின்னால் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மீசைக்காரர் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். நான் முடியாது என்றேன். மெஷினுக்குப் பாதுகாப்பு இல்லை என்றேன். முதல் தடவை செய்தது தப்பு என்றால் தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவை எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். மூன்று பேருடைய தூக்கத்தைத் தினமும் ஒன்றரை மணி நேரம் எடுத்து என் கதவுக்குக் கொடுத்தேன். எனக்கும் மூன்றரைக்குத்தான் விடியல். ஆனால் எனக்குக் கதவு இருந்தது.

அந்தக் கதவுக்குள் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒன்றும் செய்யவில்லை. சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து கிடப்பேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பதே பெரிய சுகமாக இருந்தது. வெளியே போகும்போது பூட்டவும் ஆரம்பித்தேன். பூட்டும் கொண்டியும் நானே வாங்கி மாட்டினேன்.

டிரைவர் பதிலடி கொடுத்தார். அவருக்கு ஊரிலிருந்து கருவாடு வரும், சாளையும் நெத்திலியும். வெளியே காற்றில் அடுப்பு நிற்காது என்று பெட்டிக்குள்ளேயே வறுப்பார். குடை என்றால் அந்த வாடை ஒரு நிமிஷத்தில் வலை வழியாகப் போயிருக்கும். பெட்டியில் எங்கே போகும்? என் தடுப்புக்கு மேலே கையகலம் இடைவெளி இருந்தது. மொத்த வாடையும் அதன் வழியாக ஏறி வந்து என் தலையணையில் படுத்துக்கொள்ளும். ஏசி அதை இன்னும் நன்றாகச் சுற்றிவிடும். கேரவன் வேண்டும் என்று அடம்பிடித்தபோது இந்தக் கருவாட்டைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவே இல்லை. தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரரோடு ஜன்னல் திறக்காத பெட்டியில் குடியேறுகிறவன் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

வெள்ளைத்தாளில் இரண்டு விதி எழுதி ஒட்டினேன். ஒன்று, உள்ளே கருவாடு சமைக்கக் கூடாது. இரண்டு, பின்னறைக் கதவைத் தட்டக் கூடாது, அவசரம் என்றால் வெளியிலிருந்து கூப்பிடவும். கீழே இன்சார்ஜ் என்று கையெழுத்தும் போட்டேன். மறுநாள் தாளைக் காணோம். மிச்சக் கருவாட்டை அதில் பொட்டலம் கட்டி அலமாரியில் வைத்திருந்தார், என் கையெழுத்து மேலே தெரியும்படி. அதற்குப் பிறகு எங்களுக்குள் நேர்ப்பேச்சு நின்றது. "டீசல் போடணும்னு அவருகிட்ட சொல்லுங்க" என்று நான் மீசைக்காரரிடம் சொல்வேன். "போட்டாச்சுன்னு சொல்லும்வே" என்று டிரைவர் அவரிடமே சொல்வார். மூன்று பேரும் நிற்பது மூன்றடி தூரத்துக்குள். ஆனால் ஒன்று, முதல் விதியை மீறினாரே தவிர, இரண்டாவது விதியை அந்த ஆள் ஒருநாளும் மீறவில்லை. அந்தக் கதவில் அவர் விரல்கூடப் பட்டதில்லை.

ஜனவரியில் ஒருநாள் பகலில் ஷமால் காற்று அடித்தது. வடமேற்கிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வரும் காற்று அது. வேலையை நிறுத்திவிட்டு மதியம் தட்டுத்தடுமாறிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தோம். நான் மெஷினோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பெட்டி ஆடியது, ஆனால் ஒரு துளி மணல் உள்ளே வரவில்லை. எனக்கு உள்ளூர ஒரே கும்மாளம். துணிக்குள் இருப்பவர்கள் கதி என்ன என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு அவர்களே வந்தார்கள். கித்தான் கிழிந்து பறந்துவிட்டது. ஐந்து பட்டாணியர்களும் கண்ணைத் திறக்க முடியாமல், தலைத்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்தார்கள். மூன்று கட்டில் இருக்கும் இடத்தில் எட்டு பேர்.

என் கதவு தட்டப்பட்டது. பட்டாணிய ஃபோர்மேனுக்கு என் விதி தெரியாது. "பாய், தோடா ஜகா?" என்றார். கொஞ்சம் இடம் கிடைக்குமா என்கிறார். என் கட்டிலில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம், கீழே ஒருவர் கால் நீட்டலாம்.

நான் கதவைத் திறக்காமலே, "ஜகா மாஃபி பாய். உள்ள மெஷின் இருக்கு. மணல் ஏறிடும்" என்றேன். இடமில்லை என்பதைப் பாதி ஹிந்தி, பாதி அரபி, பாதி தமிழில் சொன்னேன். பதற்றத்தில் அப்படித்தான் வந்தது.

 பிறகு டிரைவரின் குரல், அவர்களுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு மச்சான்களைத் தரையில் உட்காரச் சொல்லியது. டீ போடும் சத்தம் கேட்டது. என்னைத் தவிர எட்டு பேருக்கும் டம்ளர் போய்ச் சேர்ந்த சத்தமும் கேட்டது. யாரோ இரண்டு பேர் காற்று ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தார்கள், தடுப்புப் பலகையில் அவர்கள் சாய்ந்து மாறுவது என் முதுகில் தெரிந்தது. நான் திறந்திருக்கலாம். ஒவ்வொரு நிமிஷமும் திறந்திருக்கலாம். முதல் தடவை இல்லை என்று சொன்ன பிறகு இரண்டாவது தடவை திறப்பது கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் வண்டியில் ஏறும்போது, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த ஆள் என்னிடம் நேரடியாகப் பேசினார்.

"உம்ம மெஷின் நல்லாத் தூங்குச்சா, சர்வேயர் சார்?"

நான் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். 

அங்கே மொபைல் சிக்னல் பெட்டியின் கூரைமேல் ஏறினால் மட்டும்தான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள், காலையில் ஒவ்வொருவராக ஏணியில் ஏறி ஊருக்குப் பேசுவோம். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் ஏறினேன். நான் எண்ணை அழுத்துவதற்கு முன்னால் தம்பி கூப்பிட்டுவிட்டான். முந்தின நாளிலிருந்து முயற்சி செய்துகொண்டிருந்திருக்கிறான். அப்பா போய்விட்டார். மூன்றே வாக்கியத்தில் சொன்னான். நீ வரும்வரை வைக்க முடியாது என்றான். சரி என்றேன்.

ஏணியில் இறங்கினேன். கீழே மூன்று பேரும் இருந்தார்கள். சட்டியில் ஏதோ வறுபட்டுக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் மூவரும் எழுந்துவிட்டார்கள். "என்ன சார்?" என்றார் மீசைக்காரர். "அப்பா" என்றேன், அவ்வளவுதான் வந்தது. அவர்களைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

நான் மூன்று வருஷம் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஒரு பயல் பக்கத்தில் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கத் தாராளமாக இடம் இருந்தது. அழுகை வரவில்லை. மெஷின் பெட்டியின் மஞ்சள் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. சட்டியை இறக்கி வைத்தார்கள். கருவாட்டு வாடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பலகைக்கு அந்தப்பக்கம், என் தலைமாட்டுக்கு ஒரு முழம் தள்ளி, அவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவது அட்சரம் பிசகாமல் கேட்டது.

"தட்டிப் பாப்பமாண்ணே?" என்றார் மீசைக்காரர்.

"வேண்டாம்" என்றார் டிரைவர்.

"மனுசன் தனியா கெடக்குறாருண்ணே."

"உள்ள மெஷின் இருக்குல்லா."

அந்த நேரத்திலா இதைச் சொல்வது? என் அப்பா செத்துக் கிடக்கிறார், இந்த ஆள் கணக்குத் தீர்க்கிறான் என்று ஆத்திரம் வந்தது. அதே சமயம், தட்டட்டும், தட்டினால் திறந்துவிடுவேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை. கொஞ்ச நேரத்தில் பிக்கப் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. ஊர் சுற்றப் போய்விட்டார், பெரிய மனுஷன் என்று நினைத்தேன். மதியம் ஆயிற்று, பொழுது சாய்ந்தது. மச்சான்கள் இரண்டு பேரும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இருமல் சத்தத்தில் தெரிந்தது. அவர்கள் தட்டவில்லை. நான் திறக்கவில்லை. ஒரு விரல் தூக்கினால் போதும், தாழ்ப்பாள் திறந்துவிடும். நான் தூக்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது வெளியே வண்டியின் ஹாரன் அடித்தது. அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது. அவசரம் என்றால் வெளியிலிருந்து கூப்பிடவும் என்று நான்தானே எழுதி ஒட்டினேன். திறந்து வந்தேன். டிரைவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார், கண் சிவந்திருந்தது. பக்கத்து சீட்டில் என் பாஸ்போர்ட், டிக்கெட். வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடியிருக்கும் என்பதால் முசஃபாவில் கம்பெனி ஆளின் வீட்டுக்கே போய், அவரை எழுப்பி, ஆபீஸைத் திறக்கவைத்து வாங்கி வந்திருக்கிறார். போக வர ஐந்நூறு கிலோமீட்டர் இருக்கும். இதெல்லாம் அவர் சொல்லவில்லை, பின்னால் ஆபீஸில் சொல்லித் தெரிந்தது. என் பையை மச்சான்கள் ஏற்ற, நான் பழக்கத்தில் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டேன்.

ஏர்போர்ட் வரை மூன்று மணி நேரம்.  வழியில் டிரைவர் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஒரு டீயை வாங்கி என் கையில் திணித்தார். நான் அதைக் குடித்து முடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார். நான் ஏர்போர்ட்டில் இறங்கும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"சாவி."

"என்னது?"

"கதவுச் சாவி. மெஷின் உள்ள கெடக்கு. பதிலுக்கு வாற சர்வேயருக்கு வேணும்லா."

கொடுத்தேன். அப்பாவைப் பார்க்க முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பல் கரைத்தாகிவிட்டது. காரியம் எல்லாம் முடித்துவிட்டு இருபது நாள் கழித்துத் திரும்பினேன்.

பதிலுக்கு வந்திருந்த சர்வேயர் முந்தின நாளே முசஃபா திரும்பியிருந்தார். கம்பெனி வண்டி என்னை ஜல்லிப் பாதையின் முடிவில் இறக்கிவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். பெட்டியின் நிழலில் புதிதாக ஒரு மேஜை போட்டிருந்தார்கள். இரண்டு காலி டீசல் டிரம், மேலே ஒரு வெள்ளைப் பலகை. மூன்று பேரும் டப்பாக்களைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிட்டப் போன பிறகுதான் பார்த்தேன். என் கதவு. பித்தளைத் தாழ்ப்பாளைக்கூடக் கழற்றவில்லை.

பையைக் கீழே போட்டேன். "யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?"

"யாரையும் கேக்கல" என்றார் டிரைவர், தட்டை வைத்துக்கொண்டே.

"நான் எங்க தூங்கறது?"

"எங்க தூங்குவீரு? அதே கட்டில்ல தான். எவனும் எடுத்துட்டுப் போவல."

"நான் இன்சார்ஜுங்க. மேனேஜர்கிட்ட எழுதுவேன்."

"எழுதும். சாப்பிட்டுட்டு எழுதும்."

உள்ளே போய்ப் பார்த்தேன். தடுப்பில் கதவு இருந்த இடம் ஓட்டையாகக் கிடந்தது. கட்டிலில் என் விரிப்பைத் துவைத்துப் போட்டிருந்தார்கள். மெஷினுக்கு ஒரு இரும்புப் பெட்டி செய்து கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தார்கள், மூடி ஓரமெல்லாம் ரப்பர் வைத்து. அந்த ஆள் செப்டம்பரில் சொன்ன அதே பெட்டி. எனக்கு வந்த கோபத்தில் அதை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது. வேறு போக்கிடம் இல்லாமல் வெளியே வந்தேன்.

எனக்கு ஒரு டப்பாவைக் கவிழ்த்துப்போட்டிருந்தார்கள், மச்சான்கள் இருவருக்கும் நடுவில். உட்கார்ந்தேன். தாழ்ப்பாள் என் தட்டுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. சோறு, பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல். கருவாடு இல்லை.

"கவிச்சி சாப்பிடலாமா கூடாதான்னு தெரியல" என்றார் டிரைவர். "அதான் பருப்பு."

இரண்டு கவளம் உள்ளே போனது.

"அப்பாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"அறுபத்தி ரெண்டு" என்றேன். சொன்னதுதான் தாமதம், அதற்குமேல் என்னால் முடியவில்லை. எச்சில் கையோடு குனிந்து, அந்தக் கதவின் மேலேயே தலையை வைத்துவிட்டேன். வீட்டில் வராத அழுகை, பூட்டிய அறைக்குள் வராத அழுகை, எல்லாம் அந்தப் பட்டப்பகலில் மூன்று பேருக்கு முன்னால் சத்தமாக வந்தது. யாரும் சாப்பிடவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. டிரைவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். மச்சான்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நெருங்கினார்கள். அவர்களுடைய தோள் என் தோளில் இடித்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கய்யா" என்றேன்.

யாரும் தள்ளி உட்காரவில்லை.